வீட்டில் அதிர்ந்த பாக்ஸ் மேடையில் ஊமையாகிவிட்டது: எங்கே தப்பு?

அல்சூர்_கீபோர்டு | ஞாயிறு, இரவு 1.20

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நாங்கள் ஆறு பேர் கொண்ட சின்ன மெல்லிசைக் குழு. கீபோர்டு நான். பேஸ் கிட்டார், ரிதம் பேட், டோலக், பாட இரண்டு பேர். பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் கோயில் விழா, ரிசப்ஷன், வளைகாப்பு என்று மாதம் மூன்று நான்கு கச்சேரி வரும். வாங்குகிற காசில் பாதி சவுண்ட் சர்வீஸ்காரருக்கே போய்விடுகிறது. நாமே ஸ்பீக்கர் பாக்ஸ் அடித்தால் என்ன என்று இறங்கினோம்.

எஸ்.பி. ரோட்டில் 15 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, மேல் சுருதிகளுக்கு ஒரு அங்குல ஹார்ன் யூனிட் இரண்டு, பேஸை ஸ்பீக்கருக்கும் மேல் சுருதியை ஹார்னுக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் போர்டு இரண்டு வாங்கினோம். மைசூர் ரோடு டிம்பர் யார்டில் 18 மி.மீ. மரைன் பிளை. மாமா பையன் கார்பென்டர், அவன் பட்டறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்தோம். வேலை முழுக்க அவன் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தான். அளவை மாற்றினேனாம், அவன் பென்சிலைத் தொலைத்தேனாம். முடிந்ததும் மொட்டை மாடியில் பழைய பாட்டு ஒன்றைப் போட்டோம். அடடா! கீழ் வீட்டுப் பாட்டி படியேறி வந்து, "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார்.

இன்று முதல் கச்சேரி, ஒரு ரிசப்ஷன். ஹாலின் நடுவில் நின்றால் பேஸே இல்லை. பேட் வாசிப்பவன் கை நோக அடிக்கிறான், தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. பாடகியின் குரலைக் கொஞ்சம் ஏற்றினால் உடனே ஊளை. ஒரு தடவை பத்து நொடி விடாமல் கத்தியது. மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கே வந்து, "தம்பி, அந்த நாதஸ்வரக்காரர் இன்னும் கிளம்பலை, அவரையே கூப்பிடட்டுமா?" என்றார்.

அதே பாக்ஸ், அதே ஆம்ப். மாடியில் அப்படி, மேடையில் இப்படி. யாராவது சொல்லுங்கள்.

ஒயிட்ஃபீல்டு_வீக்எண்டு | திங்கள், காலை 8.05

ப்ரோ, மனசு கஷ்டப்படாதீங்க, ஆனால் இதற்குத்தான் கம்பெனி பாக்ஸ் வாங்கணும் என்கிறது. உள்ளேயே ஆம்ப், உள்ளேயே கிராஸ்ஓவர், லிமிட்டர் எல்லாம் வரும். நாளைக்கு விற்றாலும் பாதிக் காசு தேறும். வீட்டில் அடித்த பாக்ஸை யார் வாங்குவார்கள்?

மைக்செட்_பெரியவர் | திங்கள், காலை 9.30

தம்பி, ஸ்ரீராமபுரத்தில் 38 வருஷம் மைக்செட் ஓட்டியவன் நான். கூம்பு ஸ்பீக்கரும் ரெக்கார்டு பிளேயரும் இருந்த காலத்திலிருந்து. இப்போது கடையை மகன் பார்க்கிறான், நான் இங்கே வந்து வம்பளக்கிறேன்.

நாலு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பாக்ஸை எங்கே வைத்தீர்கள், பாடுகிறவர்களுக்கு முன்னாலா பின்னாலா? தரையிலா, மேலேயா? மாடியில் போட்ட வயரும் ஹாலில் போட்ட வயரும் ஒன்றுதானா? ஹாலின் ஓரத்தில் நின்று கேட்டீர்களா?

கார்_பூம்பூம் | திங்கள், காலை 11.10

பேஸ் இல்லையென்றால் 12 அங்குல கார் சப் ஊஃபர் இரண்டு சேருங்க மச்சா. என் காரில் கண்ணாடியே ஆடும்.

பீன்யா_ஓம் | திங்கள், மதியம் 1.15

கார் சப் வேண்டாம். காருக்குள் காற்றே கொஞ்சம்தான், அதை அசைப்பது சுலபம். அந்த யூனிட்டுக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் சுமார் 87 டெசிபல் வரும். மேடைக்கென்று செய்த 15 அங்குலத்தில் 97 வரும். இடையில் 10 டெசிபல்தானே என்று தோன்றும். அந்தப் பத்தை ஈடுகட்ட பத்து மடங்கு வாட் வேண்டும். மேடையில் 200 வாட்டில் முடிகிற வேலைக்கு அங்கே 2000. சுருள் வெந்துவிடும்.

கீபோர்டு தம்பி, பாக்ஸின் உள் அளவையும் போர்ட்டின் (காற்று போய்வரும் குழாயின்) அளவையும் கொடுங்கள், கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அல்சூர்_கீபோர்டு | திங்கள், மாலை 6.45

பெரியவருக்கு: பாக்ஸ் இரண்டும் மேடையின் பின்பக்கம், பாடுகிறவர்களுக்குப் பின்னால். முன்னால் வைத்தால் பூ அலங்காரம் மறைகிறது என்று டெக்கரேஷன்காரர் சண்டை போட்டார். தரையில்தான். வயர் வேறு. மாடியில் இரண்டு மீட்டர் துண்டுகள், ஹாலுக்கு 20 மீட்டர் வயர் இரண்டு புதிதாகச் செய்தோம். ஓரத்தில் நான் நிற்கவில்லை, ஆனால் பந்தி நடந்த பக்கம் உட்கார்ந்திருந்த என் தம்பி பேஸ் பரவாயில்லை என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன்.

பீன்யா அண்ணாவுக்கு: உள் அளவு 42 × 38 × 60 செ.மீ. போர்ட், நாலு அங்குல பி.வி.சி. பைப் இரண்டு, நீளம் 12 செ.மீ.

மைக்செட்_பெரியவர் | திங்கள், இரவு 7.20

உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை. ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று வாங்குங்கள். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, பாக்ஸில் வயர் மாட்டியபடியே இருக்கட்டும். ஆம்ப் பக்கத்து முனையில் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ். ஒருவர் தொட, இன்னொருவர் ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் பேப்பரைப் பார்க்க வேண்டும். வெளியே குதித்ததா, உள்ளே போனதா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஹார்ன் யூனிட்டில் நேராகப் பேட்டரியை வைத்துவிடாதீர்கள், அதன் சுருள் முடி மாதிரி இருக்கும்.

பீன்யா_ஓம் | திங்கள், இரவு 9.00

அளவில் பெரிய தப்பு இல்லை. 95 லிட்டர் சொச்சம், ஸ்பீக்கர், ஹார்ன், உள் கட்டை எல்லாம் அடைக்கும் இடம் போக 88 லிட்டர் என்று வையுங்கள். அந்தப் போர்ட்டுக்குச் சுமார் 52 ஹெர்ட்ஸ் டியூனிங் வருகிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருமே, அதே சமாச்சாரம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் இந்தக் கணக்கை எழுதினார், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்தார். இன்றைக்கு ஸ்பீக்கரோடு வரும் விவரத் தாளில் இருக்கும் எண்களை வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் போட்டால் ஐந்து நிமிடத்தில் வரைபடம் வந்துவிடும். பாக்ஸ் அடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது, சரி போகட்டும்.

ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. டியூனிங்குக்குக் கீழே போனால் பெட்டிக் காற்று ஸ்பீக்கரைத் தாங்கிப் பிடிக்காது. பேப்பர் தறிகெட்டு ஆடும், சத்தமும் வராது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். ரிதம் பேடில் இருக்கும் கிக் ஒலிகள் சில அதற்கும் கீழே இறங்கும். ஸ்டுடியோவில் கலந்து முடித்த பாட்டில் இதையெல்லாம் வெட்டித் தட்டி வைத்திருப்பார்கள், அதனால் மாடியில் தெரியவில்லை. மேடையில் பேட்காரர் கை வைத்தால் எதுவும் வெட்டப்படாமல் அப்படியே ஆம்புக்குப் போகும். மிக்சருக்கும் ஆம்புக்கும் நடுவே 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போடுங்கள். உங்கள் ஆம்பின் பின்னாலேயே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கலாம், பாருங்கள்.

வயர் எவ்வளவு தடிமன்? 0.75 சதுர மி.மீ. என்றால் 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பி வர ஏறக்குறைய 0.9 ஓம் தடை. எட்டு ஓம் பாக்ஸ் என்றால் ஆம்ப் தருவதில் பத்தில் ஒரு பங்கு வயரைச் சூடாக்கவே போகும். 2.5 போட்டால் அது நூற்றுக்கு மூன்றரையாக இறங்கிவிடும். ஆனால் பேஸ் காணாமல் போனதற்கு இது காரணமில்லை. பெரியவர் சொன்ன பேட்டரி டெஸ்ட்தான் முதலில்.

அல்சூர்_கீபோர்டு | செவ்வாய், இரவு 10.15

கண்டுபிடித்துவிட்டோம்!

பாக்ஸில் நேராக, சின்ன வயரில் பார்த்தபோது இரண்டும் ‘டப்’ என்று வெளியே குதித்தன. பிரச்சினையே இல்லை என்று நினைத்தேன். அப்புறம் பெரியவர் சொன்னபடி 20 மீட்டர் வயர் வழியாகப் பார்த்தோம். இடது பாக்ஸ் வெளியே. வலது பாக்ஸ் உள்ளே! மறுபடி, மறுபடி, நாலு தடவை தொட்டுப் பார்த்தேன். உள்ளேதான்.

பிளக்கைக் கழற்றினால் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. முந்தின இரவு கரண்ட் போனபோது மாமா பையன் செல்போன் டார்ச்சில் முறுக்கிய பிளக் அது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. பென்சில் கணக்கோடு சேர்த்து நேர் செய்துகொள்ளலாம்.

மைக்செட்_பெரியவர் | புதன், காலை 6.50

அவ்வளவுதான். ஒரு பாக்ஸ் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. நடுவில் நிற்பவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றை ஒன்று தின்றுவிடும். பேஸ் போய்விடும், ஹார்னில் அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் தகர டப்பா. பந்திப் பக்கம் ஒரு பாக்ஸ் கிட்டே, ஒன்று தூரம், அதனால் அங்கே தப்பித்தது. 1980-களில் ஒரு கோயில் விழாவில் எனக்கே நடந்தது. ஆம்பை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், கடைசியில் பேட்டரி ரேடியோவைப் பிரித்து எடுத்த செல்லில் கண்டுபிடித்தேன்.

ஊளைக்குக் காரணம் வேறு. பாக்ஸ் பின்னால் இருந்தால் அது சொன்னதையே மைக் கேட்டு மறுபடி சொல்லும், அதை மறுபடி பாக்ஸ் சொல்லும். பூவாவது அலங்காரமாவது, பாக்ஸ் மைக்குகளுக்கு ஒன்றரை இரண்டு மீட்டர் முன்னால்தான் இருக்க வேண்டும். டெக்கரேஷன்காரரிடம் ஊளையின் பத்து நொடியை ரெக்கார்ட் செய்து போட்டுக் காட்டுங்கள், அவரே நகர்த்துவார்.

தரையில் வைத்தால் முதல் வரிசைக்காரர்களின் வயிறுதான் பாட்டு கேட்கும். ஹார்ன் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே போக வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு_வீக்எண்டு | புதன், காலை 9.40

ஒத்துக்கொள்கிறேன், பாக்ஸில் தப்பில்லை. ஆனாலும் கம்பெனி பாக்ஸ் என்றால் இந்த வயர் குழப்பம் வராது என்று சொல்லிவைக்கிறேன்.

மைக்செட்_பெரியவர் | புதன், காலை 10.05

பின்னால் வைத்தால் கம்பெனி பாக்ஸும் ஊளையிடும் தம்பி.

அல்சூர்_கீபோர்டு | வியாழன், இரவு 8.30

இன்னொரு பிரச்சினை. பிளக்கைச் சரிசெய்து மாடியில் போட்டால் பேஸ் வந்துவிட்டது, ஆனால் இடது பாக்ஸின் ஹார்ன் சுத்தமாகச் செத்துவிட்டது. கச்சேரி அன்றைக்கே போயிருக்கும் போல. கழற்றிப் பார்த்தேன், உள்ளே மெல்லிய தகடு மாதிரி ஒரு கிண்ணம், அதன் ஓரத்துச் சுருளில் ஒரு இடம் கறுத்து அறுந்திருக்கிறது. தீய்ந்த அரிசி வாசனை.

பீன்யா_ஓம் | வியாழன், இரவு 9.20

அந்தப் பத்து நொடி ஊளைதான் கொன்றது. பாட்டில் மேல் சுருதிகளின் பங்கு சின்னது, அதுவும் வந்து வந்து போகும். ஊளை என்பது ஒரே சுருதி, நிறுத்தாமல், ஆம்ப் தரக்கூடிய அளவு முழுவதும். அது இரண்டு மூவாயிரம் ஹெர்ட்ஸில் வந்தால் கிராஸ்ஓவர் மொத்தத்தையும் ஹார்னுக்கே அனுப்பிவிடும். விவரத் தாளில் 50 வாட் என்று எழுதிய யூனிட் அதை எப்படித் தாங்கும்?

முழு யூனிட்டை வாங்க வேண்டாம். அந்தக் கிண்ணமும் சுருளும் சேர்ந்த டயஃப்ரம் மட்டும் தனியாகக் கிடைக்கும், பழையதைக் கையில் கொண்டுபோய் அதே அளவு கேளுங்கள். மாற்றும்போது காந்தத்தின் இடுக்கில் தூசி போகக் கூடாது. மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தை வெளியே மடித்து, இடுக்கில் விட்டுச் சுற்றி எடுங்கள். இரும்புத் துகள் இருந்தால் ஒட்டிக்கொண்டு வரும்.

கிராஸ்ஓவருக்கு அப்புறமும் ஹார்னின் பிளஸ்ஸோடு தொடரில் 20 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்று போட்டுவிடுங்கள், போலார் இல்லாதது, அதாவது பிளஸ் மைனஸ் பக்கம் கிடையாதது. எட்டு ஓமுக்கு 1000 ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து கீழே உள்ளதை அது தடுக்கும். கிராஸ்ஓவர் 2000-இல் இருப்பதால் பாட்டைப் பெரிதாகத் தொடாது, ஆனால் யாராவது வயரை மாற்றிச் செருகினால் பேஸ் ஹார்னுக்குள் நுழையாமல் காக்கும். ஊளைக்கு இது மருந்தில்லை. அதற்குக் கை ஃபேடரில் (மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் பிடி) இருக்க வேண்டும்.

விவேக்நகர்_கிட்டார் | வெள்ளி, மாலை 5.00

நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் சர்ச் யூத் பேண்ட், நாங்களும் பாக்ஸ் அடித்தோம், நன்றாகவே பாடுகிறது. ஆனால் எப்போதும் அடியில் ஒரு ‘ம்ம்ம்ம்’ இரைச்சல். எங்கள் சீனியர் ஒருவர், ஆம்பின் மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை எடுத்துவிட்டால் போய்விடும் என்கிறார். போகவும் செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

மைக்செட்_பெரியவர் | வெள்ளி, மாலை 5.12

விடாதீர்கள். இன்றைக்கே அந்த முள்ளைத் திருப்பிப் போடுங்கள். போட்ட பிறகு இங்கே வந்து எழுதுங்கள், அதுவரை வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

விவேக்நகர்_கிட்டார் | வெள்ளி, இரவு 7.40

போட்டாச்சு ஐயா. பழைய பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதே மாட்டினோம்.

மைக்செட்_பெரியவர் | வெள்ளி, இரவு 8.25

நல்லது. இப்போது சொல்கிறேன். ஒரு திருவிழாவில் ஜெனரேட்டர், எர்த் அடிக்கவில்லை. பாடகர் கையில் மைக், பக்கத்தில் கிட்டார்காரர். மைக் ஒரு ஆம்பில், கிட்டார் வேறு ஆம்பில், அதில் பெரிய முள், அதாவது எர்த் முள், இல்லை. பாடகர் பாட்டு நடுவே கிட்டார்காரரின் தோளைத் தட்டப் போனார், கை அவருடைய கம்பியில் பட்டது. பட்ட கை எடுக்க வரவில்லை. நான் மெயின் ஸ்விட்சைத் தேடி ஓடியது எத்தனை நொடி என்று தெரியாது, எனக்கு அரை மணி நேரம் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்தப் பாடகர் அதற்குப் பிறகு மைக்கில் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பார்.

இரைச்சலுக்கு வழி வேறு. மிக்சர், ஆம்ப், கீபோர்டு, கிட்டார் ஆம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். மேடைக்கு ஒரு சுவர், மிக்சருக்கு இன்னொரு சுவர் என்று எடுத்தால் இரைச்சல் வரத்தான் செய்யும்.

பீன்யா_ஓம் | வெள்ளி, இரவு 9.10

அப்படியும் இருந்தால் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் டி.ஐ. பாக்ஸ் (வாத்தியத்தை மிக்சரோடு சேர்க்கும் சின்னப் பெட்டி) போட்டு, அதில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் வயரின் எர்த்தைத்தான் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. கூடவே, மேடைக்குப் போகும் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெரிய பிளேட் பிரியாணியைவிட முக்கியம்.

அல்சூர்_கீபோர்டு | சனி, காலை 11.30

நாளைக்குத் தெருவில் அம்மன் கோயில் விழா, மேடை போட்டாகிவிட்டது. ஹார்ன் மாற்றியாச்சு, 2.5 வயர் வாங்கியாச்சு, ஹைபாஸ் ஸ்விட்ச் ஆம்பின் முதுகில் தூசிக்குள் இருந்தது. போலீசில் பத்து மணிக்குள் முடிக்கச் சொல்கிறார்கள், கமிட்டியோ பதினொன்று வரை வாசிக்கச் சொல்கிறது. என்ன செய்ய?

மைக்செட்_பெரியவர் | சனி, மதியம் 12.15

பத்துக்கு நிறுத்துங்கள். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று இருக்கிறது. விழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருஷத்துக்கு மொத்தம் 15 நாள்தான். உங்கள் விழா அந்தப் பதினைந்தில் இருந்தால் கமிட்டி தாளைக் காட்டட்டும். தாள் இல்லையென்றால் ஸ்டேஷனில் ஆம்ப் இருக்கும், கமிட்டி வீட்டில் இருக்கும்.

எந்தத் தெரு என்று தனியாகச் சொல்லுங்கள். மூட்டு வலி பரவாயில்லை என்றால் வருகிறேன்.

அல்சூர்_கீபோர்டு | திங்கள், காலை 7.00

பெரியவர் வந்தார்! ஆட்டோவில், ஒரு கயிற்றுச் சுருளோடு.

வந்ததும் மிக்சர் பக்கமே போகவில்லை. பாக்ஸ் இரண்டையும் மேடைக்கு வெளியே, முன்னால் கொண்டுவரச் சொன்னார். ஷாமியானாக்காரரின் இரும்பு மேசை இரண்டு வாங்கி, அதன்மேல் பாக்ஸ் ஏற்றி, ஹார்ன் என் தலைக்கு மேலே வருகிற மாதிரி வைத்தோம். தான் கொண்டுவந்த கயிற்றால் மேசையோடும் கம்பத்தோடும் அவரே கட்டினார். "பிள்ளைகள் கீழே ஓடும், பாக்ஸுக்குக் கண் தெரியாது" என்றார். இரண்டு பாக்ஸையும் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினோம்.

அப்புறம் பாடகியைப் பாட விட்டு, தெருவில் நடந்தே போனார். நாலாவது வீட்டு வாசலில் நின்றார், எட்டாவதில் நின்றார். அங்கிருந்து கையைக் கீழே இறக்கிக் காட்டினார். நான் குறைத்தேன். மறுபடி இறக்கினார். இன்னும் குறைத்தேன். எனக்கு மேடையில் ஒன்றுமே கேட்காத மாதிரி இருந்தது. திரும்பி வந்து, "கீபோர்டையும் பேஸையும் குறைத்தால் குரல் தானாக மேலே வரும், குரலை ஏற்றாதே" என்றார். குரல் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினோம், மேடை அதிர்வு மைக்கில் ஏறவில்லை.

இரண்டரை மணி நேரம், ஒரு ஊளை இல்லை. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு மங்களம் பாடிவிட்டோம்.

ஒரே ஒரு குறை. பேஸ் கிட்டார் ஒரு குறிப்பிட்ட சுருதியில் வரும்போது மட்டும் இடது பாக்ஸிலிருந்து ‘டிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா?

பீன்யா_ஓம் | திங்கள், காலை 9.15

கிழிந்திருந்தால் எல்லாச் சுருதியிலும் வரும். ஒரே சுருதியில் மட்டும் என்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது. செல்போனில் டோன் ஜெனரேட்டர் செயலி போட்டு, மெதுவாக 40-இலிருந்து 200 வரை ஓட்டுங்கள். சத்தம் வரும் இடத்தில் நிறுத்தி, பாக்ஸைச் சுற்றிக் கையால் அழுத்திப் பாருங்கள். கைப்பிடி, முன் கம்பி வலை, டி நட், எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான்.

அல்சூர்_கீபோர்டு | திங்கள், இரவு 9.50

118 ஹெர்ட்ஸில் வந்தது. எதை அழுத்தினாலும் நிற்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கரையே கழற்றினேன். உள்ளே குறுக்குக் கட்டைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் கார்பென்டர் பென்சில், காதில் செருகுகிற அந்தச் சிவப்புப் பென்சில்.

மைக்செட்_பெரியவர் | திங்கள், இரவு 10.05

கொடுத்துவிடுங்கள். பிளக்கைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.